பாவமில்லாத ஒரு காணி

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட ஊர்களில் சமணர்கள் உழுது வாழ்ந்திருக்கிறார்கள். வடநாட்டுச் சமணர் ஒருவரிடம் இதைச் சொன்னால் சற்று யோசித்துவிட்டுத்தான் நம்புவார். மண்ணைக் கிளறினால் உயிர் சாகும், அதனால் ஏரைத் தொடாமல் வணிகத்துக்குப் போன கூட்டம் என்பதுதான் அவரது சமயத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். கர்நாடகத்திலும் தெற்கு மகாராஷ்டிரத்திலும் உழும் திகம்பரச் சமணர் உண்டு. அவர்களைப் போலவே மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்தைத் தலைமைப் பீடமாகக் கொண்ட தமிழ்ச் சமணர்களும், ஊரார் நயினார் என்று அழைக்கும் அந்தக் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக நிலத்தை நம்பியவர்கள். வீடூர், பெரமண்டூர், விழுக்கம் என்று அவர்கள் கோயில் இருக்கும் ஊர்களெல்லாம் ஏரிப் பாசனமும் மானாவாரியும் கலந்த விவசாய ஊர்கள். நோன்பில் கறாரானவர்கள் பொழுது சாய்ந்தபின் உண்ணமாட்டார்கள், தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கமாட்டார்கள், மண்ணுக்குள் விளையும் கிழங்கைத் தொடமாட்டார்கள். ஒரு சால் ஓட்டினால் எத்தனை புழு அறுபடும் என்று இவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்தே உழுதார்கள். அந்த அறிவை வைத்துக்கொண்டு எப்படி ஏர் பிடித்தார்கள் என்ற கேள்வி, இன்று சென்னையில் நான்காவது மாடியில் இருந்தபடி திண்டிவனம் பக்கம் ஒரு காணி வாங்கி மண்ணோடு வாழக் கனவு காண்பவரின் கேள்வியும்கூட. அவருக்கு அது இன்னும் தோன்றியிருக்காது, அவ்வளவுதான்.

அந்தக் கனவைக் கேலி செய்வது எளிது. தாம்பரம் தாண்டினால் விழுப்புரம் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் பண்ணை நில விளம்பரப் பலகைகள் அதை ஏற்கெனவே போதுமான அளவு மலிவாக்கிவிட்டன. ஆனால் கனவின் அடியில் இருப்பது ஓர் அறக்கலக்கம். தட்டில் இருக்கும் சோறு எந்த நிலத்தில், யார் முதுகில், எந்த மருந்தில் விளைந்தது என்று தெரியாமல் நாள்தோறும் உண்கிறோமே என்ற உறுத்தல் அது. இந்த உறுத்தலிலிருந்து இரண்டு ஆசைகள் பிறக்கின்றன. பேச்சில் அவை ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன. யாருக்கும் எதற்கும் கெடுதல் இல்லாமல் வாழவேண்டும் என்பது ஒன்று. என் பிழைப்பால் விளையும் கெடுதலுக்கு நானே பதில் சொல்லவேண்டும் என்பது மற்றொன்று. முதல் ஆசைக்கு நிலத்தில் இடமில்லை என்பதும், இரண்டாவது ஆசைக்கு நிலத்தை விடத் தெளிவான இடம் குறைவு என்பதும் என் வாதம். முதலாவதை நம்பி ஊருக்குப் போகிறவர் முதல் மழைக்கே ஏமாறுவார். இரண்டாவதை நம்பிப் போகிறவர் களைத்துப்போவார், ஆனால் ஏமாறமாட்டார்.

சமணம் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் பகுக்கிறது. தொல்காப்பிய மரபியலும் புல் மரம் தொடங்கி மனிதர் வரை ஓரறிவு முதல் ஆறறிவு என்று அடுக்குகிறது. சமண அடுக்கில் மண்ணும் நீரும் நெருப்பும் காற்றும்கூட ஓரறிவுயிரின் உடல்கள். இப்படி உயிர் நிரம்பிய உலகத்தில் ஏர் முனை ஓர் ஆயுதம்தான். துறவி மண்ணைத் தோண்டவே கூடாது. அப்படியானால் இல்லறத்தில் இருக்கும் சாவகர் என்ன செய்வது? இங்கேதான் அந்த மரபு நுட்பமாகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் இயற்றிய ஆதிபுராணத்தில், முதல் தீர்த்தங்கரர் இடபதேவர் மக்களுக்குக் கற்றுத்தந்த ஆறு தொழில்களில் வாள், எழுத்து, கல்வி, வாணிகம், கைத்தொழில் ஆகியவற்றோடு உழவும் இருக்கிறது. பின்வந்த ஆசிரியர்கள் இம்சையை நான்காகப் பிரித்தார்கள்: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. சாவகர் முழுதாக விடவேண்டியது முதலாவதை. மற்ற மூன்றையும் குறைக்கவேண்டும், குறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். 959இல் முடிந்த யசஸ்திலகத்தில் சோமதேவ சூரி இதற்கு ஓர் உவமை வைக்கிறார்: மீனவன் ஒன்றையும் கொல்லாத நாளிலும் பாவி, உழவன் கொன்றாலும் பாவி அல்லன், ஏனென்றால் எண்ணம் வேறு. இந்த உவமையை எழுதிய கையில் நிலவுடைமையின் பிசுக்கு ஒட்டியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. மரக்காணம் கரையில் வலை இழுப்பவரும் பிள்ளைகள் பசி தீரத்தான் கடலுக்குப் போகிறார். மீனைத் துன்புறுத்த வேண்டும் என்று அவர் நினைத்ததில்லை. உழவருக்குக் கொடுத்த சலுகையை அவருக்கு மறுக்கக் காரணமில்லை. ஆனால் அநியாயத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த அடுக்கில் மிஞ்சுவது முக்கியமானது. அது உழவை இம்சை இல்லாத தொழில் என்று சொல்லவே இல்லை.

இதே சிக்கலை மற்றவர்கள் வேறு விதமாக அவிழ்த்தார்கள். மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், இரும்பு முனை பதித்த கலப்பை பூமியையும் அதில் வாழும் உயிர்களையும் காயப்படுத்துவதால் பிராமணன் முடிந்தவரை உழவைத் தவிர்க்கவேண்டும் என்கிறது. பௌத்த விநயம் பிக்குகள் மண் தோண்டுவதையும் செடி வெட்டுவதையும் தடுக்கிறது. இரண்டிலும் சோறு நிற்கவில்லை. யாரோ உழுது தந்தார்கள், தட்டிலும் பிச்சைப் பாத்திரத்திலும் அது வந்து விழுந்தது. கை சுத்தமாக இருந்தது, ஏனென்றால் அழுக்கான கை இன்னொருவருடையது. சமணத் துறவியும் இல்லறத்தார் சமைத்ததைத்தான் உண்கிறார் என்று இங்கே ஒருவர் மறுக்கலாம், அது சரியான மறுப்பு. ஆனால் சமண நூல்கள் இந்தத் தப்பிக்கும் வழியைத் தாங்களே அடைத்தன. வினை மூன்று வகையில் ஒட்டும் என்கின்றன அவை: தான் செய்வது, பிறரைக்கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது. அதனால்தான் துறவி தனக்கென்று சமைத்த உணவை ஏற்கக்கூடாது என்று அத்தனை விதிகள். விதிகள் வென்றனவா என்பது தனி விவகாரம். கணக்கை மூன்று பத்தியாக எழுதவேண்டும் என்ற உணர்வு அங்கே இருந்தது.

நகரத்தில் உண்பவரை இந்த மூன்று பத்தியில் வைத்துப் பாருங்கள். செய்தல் என்ற பத்தி கிட்டத்தட்டக் காலி. செய்வித்தலும் உடன்படுதலும் நிரம்பி வழியும். ஆனால் அந்த இரண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. பண்ணை நிலம் வாங்கியவுடன் இது மாறிவிடுமா? வாங்கியவர் சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை திரும்புகிறார். இடையில் ஐந்து நாள் காவலுக்கு ஒரு குடும்பம் கொட்டகையில் இருக்கிறது. மின்வேலி போடலாமா, எலிக்கு என்ன வைக்கலாம் என்ற கேள்வி தொலைபேசியில் வருகிறது, “நீங்களே பாத்துச் செய்யுங்க” என்ற பதில் தொலைபேசியிலேயே போகிறது. செய்வித்தல் பத்தி முன்பை விட நீளமாகிறது, அவ்வளவுதான். உடையவன் போகாத நிலம் மனைவியைப் போல ஊடும் என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் ஒரு படம் வரைகிறார். அதை விளைச்சல் பற்றிய எச்சரிக்கையாக மட்டும் படிப்பது வழக்கம். நிலத்தில் நடப்பது உடையவனுக்குத் தெரியாமல் போகும் என்பதும் அதில் இருக்கிறது. உழவு அதிகாரத்துக்கு அடுத்த அதிகாரம் நல்குரவு என்பதையும் கனவு காண்பவர்கள் ஒருமுறை பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

முதல் மறுப்பு இயற்கை வேளாண்மைக்காரர்களிடமிருந்து வரும், அதை மதித்துக் கேட்கவேண்டும். நீங்கள் சொல்வது கலப்பையும் நஞ்சும் கொண்ட வேளாண்மைக்குப் பொருந்தும், உழாமலேயே விளைவிக்க முடியும் என்று ஜப்பானில் மசானொபு ஃபுகோகா காட்டினார், நஞ்சில்லாமல் விளைவிக்க முடியும் என்று நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார் என்பார்கள். நம்மாழ்வார் வழிவந்தவர்கள் பூச்சிக்கொல்லி என்ற சொல்லையே விட்டுப் பூச்சிவிரட்டி என்கிறார்கள். சொல்லை மாற்றியதில் ஓர் அறத்தெரிவு இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்திலேயே சான்றும் உண்டு. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேடு மழை அரித்த செம்மண் வெளி. இன்று அங்கே காடு நிற்கிறது, அன்னபூர்ணா போன்ற பண்ணைகளில் மருந்தில்லாத நெல் விளைகிறது. கெடுதலைப் பெருமளவு குறைக்கலாம், பழைய காயத்தை ஆற்றவும் செய்யலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும். அரை நூற்றாண்டு உழைத்தும் ஆரோவில் தன் உணவு முழுவதையும் தானே விளைவித்துக்கொள்ளவில்லை என்பதும் இதோடு சேர்ந்த உண்மை. அது குறையாகச் சொல்லப்படவில்லை. தன்னிறைவு என்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதற்கு ஓர் அளவு, அவ்வளவே.

ஆனால் குறைப்பது வேறு, இல்லாமல் ஆக்குவது வேறு. திண்டிவனம் வட்டாரத்து மானாவாரி மணிலாவில், அதாவது நிலக்கடலையில், சிவப்புக் கம்பளிப்பூச்சி என்று ஒன்று வரும். கோடை மழை பெய்து மண் நனைந்ததும் கூட்டுப்புழுவிலிருந்து அந்துப்பூச்சிகள் கிளம்பும், முட்டையிடும், சில நாளில் புழுக்கள் கூட்டமாக வயல் மாறி வயல் நகர்ந்து இலையைத் தின்று தீர்க்கும். மருந்தடிக்காமல் இதைத் தடுக்கும் வழிகள் என்னென்ன? கோடை உழவு போட்டு மண்ணுக்குள் உறங்கும் கூட்டுப்புழுவை வெளியே புரட்டி, பறவை கொத்தவும் வெயிலில் காயவும் விடுவது. இரவில் விளக்குப்பொறி வைப்பது, தீ மூட்டி அந்துப்பூச்சிகளை அதில் விழவைப்பது. முட்டைக் குவியல் உள்ள இலைகளைக் கையால் கிள்ளி அழிப்பது. வயலைச் சுற்றிப் பள்ளம் பறித்து நகரும் புழுக்களை அதில் விழச்செய்து கொல்வது. எல்லாம் நல்ல முறைகள், நிலத்தையும் நீரையும் நஞ்சாக்காதவை. ஆனால் சமணர் போட்ட நான்கு பிரிவில் இவை எதில் சேரும்? உழும்போது புழு அறுபடுவது தொழிலில் நேர்வது. விளக்குப்பொறி அந்துப்பூச்சியைக் கொல்வதற்கென்றே வைக்கப்படுவது. நஞ்சைக் கைவிட்ட உழவர் எண்ணிக்கையில் குறைவாகக் கொல்கிறார், எண்ணத்தில் முன்பை விடத் தெளிவாகக் கொல்கிறார். தெளிப்பான் முதுகில் சுமந்து போகிறவர் ஒரு பரப்பைப் பார்க்கிறார். முட்டை கிள்ளுகிறவர் ஒவ்வொரு இலையாகப் பார்க்கிறார். இதைவிடக் கூர்மையான நிலை வேறு எந்தத் தொழிலில் வாய்க்கும் என்று தெரியவில்லை. மாட்டுக்கு வந்தாலும் இதேதான். நாட்டு மாட்டுச் சாணமும் கோமியமும் வேண்டுமென்றால் பசு கன்று போடவேண்டும், பாதிக்குப் பாதி காளைக்கன்று. ஏர் மாடு போய் டிராக்டர் வந்தபின் அந்தக் கன்று எங்கே போகிறது என்று பஞ்சகவ்யம் பற்றிய பயிற்சி வகுப்புகளில் யாரும் விரிவாகப் பேசுவதில்லை. ஏர் மாடு இருந்த காலத்திலும் காயடிப்பும் மூக்கணாங்கயிறும் இருந்தன. அறுப்பு முடிந்த வயலில் வளை தோண்டி எலி பிடிப்பது இங்கே இருளர்களின் வேலையாகவே இருந்துவந்திருக்கிறது. வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்கள் கூலியில் அடக்கம்.

இரண்டாவது மறுப்பு பழமையை முன்வைக்கும். இந்தக் கெடுதலெல்லாம் பின்னாளில் வந்தவை, பழைய கிராமம் தன் தேவைக்கு விளைவித்துத் தன்னளவில் நிறைவாக வாழ்ந்தது என்பார்கள். தென்னாற்காட்டு மண்ணில் இந்தப் பேச்சு எடுபடாது. இவ்வட்டாரத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள், மணிலாக்கொட்டை என்ற பெயரின் தேய்வு அது. பயிரே கடல் கடந்து வந்தது என்று பெயரே சொல்லிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மணிலா புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் மூட்டை மூட்டையாகப் போனது. பாட்டன் காலத்து உழவர் மார்செய் விலைக்கு ஏற்ப விதைத்தார், பேரன் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டி விலைக்கு ஏற்ப விதைக்கிறார். டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்கள் நாடு முழுவதும் பரவியிருக்கின்றன. அந்த எழுத்துகள் குறிப்பது திண்டிவனத்தை, இங்கிருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தை. இந்த நிலம் எப்போதும் தனித்து இருந்ததில்லை. யார் நிலம் என்ற கேள்வி இதைவிடக் கசப்பானது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்கீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் அறிவது அது. பிற சாதியினருக்குக் கைமாறக்கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட அந்த நிலத்தில் நிறைய கைமாறிப்போனது. மனை வாங்குபவர் வில்லங்கச் சான்றிதழில் முப்பது வருஷம் பார்ப்பார். 1892 அதில் வராது. புழுவைப் பற்றி இத்தனை நுட்பமாகப் பேசிவிட்டு, அண்டை வெட்டவும் களை எடுக்கவும் காலனியிலிருந்து வரும் பெண்களின் கூலியைப் பற்றிப் பேசாமல் விடுகிற அகிம்சை, எந்தச் சமயத்தின் பெயரில் வந்தாலும் பாதிக் கணக்குதான்.

அப்படியானால் நகரத்திலேயே இருந்துவிடலாம், எங்கு போனாலும் இதுதானே என்பது மூன்றாவது மறுப்பு. இதைச் சொல்பவர் பெரும்பாலும் நிம்மதியோடு சொல்வார், அந்த நிம்மதியில்தான் ஐயம் எழுகிறது. கெடுதல் எங்கும் உண்டு என்பதால் எல்லாக் கெடுதலும் ஒரே அளவு ஆகிவிடாது. முழுத்தூய்மை முடியாது என்று ஒப்புக்கொள்வது முயற்சியை விட்டுவிட அனுமதிச் சீட்டு ஆகாது. முழுத்தூய்மை எங்கே போய் முடியும் என்பதற்குச் செஞ்சி அருகே ஒரு கல் சாட்சி இருக்கிறது. திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் வரிசையாகச் செதுக்கப்பட்ட பாறைக்கு அருகில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டு உள்ளது. தமிழ் எழுத்தின் வரலாறு படிப்பவர்கள் அதை எழுத்து வடிவத்துக்காகத் தேடிப் போவார்கள். எனக்கு அது தர்க்கத்தின் எல்லைக்கல்லாகத் தெரிகிறது. எவ்வுயிருக்கும் கெடுதல் இல்லாத வாழ்க்கை வேண்டுமென்றால் கடைசியில் உண்பதை நிறுத்தவேண்டும். துறவு அந்த எல்லை வரை நடந்து பார்த்துவிட்டது. குன்றின் மேலிருந்து சுற்றிலும் பார்த்தால் வயல்கள். மேலே இருந்தவர் அவற்றை உழுதவர்களைப் பழித்ததாகவோ, கீழே இருந்தவர்கள் தங்களை அவரோடு ஒப்பிட்டு ஏரைப் போட்டுவிட்டுப் போனதாகவோ அந்த மரபில் பேச்சில்லை. இரண்டு வாழ்க்கைக்கும் ஒரே அளவுகோல், வேறு வேறு குறிகள்.

இந்த நிலையைத் தற்காலத்தில் நேர்மையாக எழுதிவைத்தவர் காந்தி. 1910இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சுமார் இருபது மைல் தள்ளி, நண்பர் கலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் தால்ஸ்தாய் பண்ணை எழுந்தபோது அங்கே குடியேறிய சத்தியாக்கிரகக் குடும்பங்களில் தமிழர்கள் நிறைய. நகரத்துக் கடைக்காரர்களும் கூலிக்காரர்களும் மண்வெட்டி பிடித்த இடம் அது. ஒருநாள் கலன்பாக்கின் அறையில் பாம்பு. கொல்லலாமா என்று காந்தியிடம் கேட்டார்கள், அவர் அனுமதித்தார். பின்னாளில் தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக வரலாற்றை எழுதும்போது அதை மறைக்கவில்லை. அனுமதி தந்தது தவறென்று தோன்றவில்லை, ஆனால் பாம்பைக் கையால் பிடித்து அப்புறப்படுத்தும் துணிவும் தன்னிடம் இல்லை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தான் தூயவன் என்ற உரிமையும் இல்லை, எல்லோரும் செய்வதுதானே என்ற சமாதானமும் இல்லை. பண்ணை அவருக்குக் கொடுத்தது இந்த வாக்கியத்தை எழுதும் வாய்ப்பை. நகரத்தில் பாம்பு பிடிக்க ஆள் வந்திருப்பார், கேள்வி அவர் வரைக்கும் வந்திருக்காது.

இவ்வளவு கனம் எதற்கு, கொஞ்சம் காற்றும் கீரையும் அமைதியும்தானே கேட்டேன் என்று கனவு காண்பவர் சொல்லலாம். கீரைக்கு மாடித்தொட்டி போதும், அமைதிக்கு ஏரிக்கரை போதும். அவர் காணி கேட்கிறார். காணி கேட்பவர் கணக்கும் கேட்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். அதற்கான பழக்கம் ஒன்று சமணத்தில் இருக்கிறது, பிரதிக்கிரமணம் என்று பெயர். நடந்தபோது, நின்றபோது, வேலை செய்தபோது ஓரறிவு முதல் ஐயறிவு வரை எந்தெந்த உயிரைத் துன்புறுத்தினேன் என்று நாளின் முடிவில் திரும்பிப் பார்த்துப் பொறுத்தருளக் கேட்பது. பாவத்தைக் கழுவிவிட்டதாக அதில் யாரும் நம்புவதில்லை, மறுநாளும் பட்டியல் உண்டு. தமிழ்ச் சமணர் குடும்பங்களிலும் இளையவர்கள் பலர் இன்று சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள், நிலம் குத்தகைக்குப் போயிருக்கிறது. உழுத தாத்தாவுக்கு மாலையில் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்: மேல்வயலில் சேடை ஓட்டியது, கிணற்றுமேட்டில் புற்றை இடித்தது, காளைக்கு நுகத்தடி அழுத்திப் புண் வந்தது, களை எடுத்தவளுக்குக் கூலி அளந்தபோது கை இறுகியது. நகரத்துப் பேரன் அதே இருட்டில் உட்கார்ந்து, அன்று உண்ட மூன்று வேளையிலிருந்து அதே பட்டியலைத் தொடங்க முயன்றால் முதல் வரியிலேயே நிற்கவேண்டியிருக்கும். சமையலறையில் இருக்கும் இருபத்தைந்து கிலோ அரிசிப் பையில் ஆலையின் பெயர் இருக்கிறது, எடை இருக்கிறது, விலை இருக்கிறது, எந்த ஊர் வயல் என்று இல்லை.